முன்மொழிவும் விளக்கமும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தைக்கு அருகே, தென்னமரம் என்னும் தோட்டம் உண்டு. இந்நாட்டில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதல் பயிரிடப்பெற்றது 1917இல் அங்கேதான். இத்தகைய தோட்டங்களின் லயங்களில், 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ போன்ற தாள்களை எழுத்தறிந்தார் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். அருஞ்சொல் வந்தவிடத்துப் படிப்பவர் நிறுத்திப் பொருள் கூறுவார், கேட்போர் வினவுவர். எழுத்தறியாதாரும் நாட்டு நடப்பைத் தமக்குள் ஆராய்ந்தது இவ்வாறே.

இவ்வழக்கத்திற்கு ஒப்பான ஒன்று நம் காலத்தில் கணினித் துறையில் தோன்றியது. கணினிக்கு ஆணையிட உதவும் நிரல்மொழிக்கும் இலக்கணம் உண்டு. அதில் ஒரு விதி மாறினும், பலர் எழுதிவைத்த நிரல்கள் பழுதுபடலாம். ஆதலின் மாற்றம் வேண்டுவோர் அதனை முதலில் எழுத்தில் முன்மொழிவர். 1969இல் கணினிகளை இணைக்கும் முயற்சியில் ஈடுபட்ட ஸ்டீவ் குரோக்கர் தம் குறிப்பிற்குக் ‘கருத்துக் கோரல்’ எனப் பணிவாகப் பெயரிட்டார். ரஸ்ட் என்னும் நிரல்மொழியாரும் 2014இல் தம் முன்மொழிவுகளுக்கு அப்பெயரையே கொண்டனர். அவ்வாவணங்களோ நீண்டவை, கடினமானவை. எனவே 2017இல் அம்மொழியாளர் சிலர், அவற்றைப் பேச்சில் விளக்கும் வலையொலி ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர் இட்ட பெயர் ‘விளக்கம் கோரல்’. இது சொல் விளையாட்டு மட்டுமன்று. விளங்காதாரிடம் கருத்துக் கேட்டல் பயனற்றது என்னும் உண்மை அதிற் பொதிந்துள்ளது.

இது தமிழாசிரியர்க்குப் புறம்பான செய்தியோ எனின், அன்று. கணினியில் உலக எழுத்துக்களுக்கு இடம் வகுக்கும் முறை ஒருங்குறி. அதிற் கிரந்தத்தைச் சேர்க்க 2010இல் ஆராயப்பட்ட முன்மொழிவில், எகர ஒகரக் குறில்களும் ழகர றகர னகரங்களும் கிரந்தத்தோடு சேர்க்கப்பட்டிருந்தன. ஆவணம் மறைபொருளன்று, ஆயினும் ஆங்கிலத்திலும் துறைச்சொற்களிலும் அமைந்ததனால் அதனைப் படித்தறிந்தோர் சிலரே. செய்தி பரவியபோது விளக்கத்திற்கு முன்னே கலக்கம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தமிழக முதல்வர் கருணாநிதி, முடிவை ஒத்திவைக்குமாறு நடுவண் அரசை வேண்டினார். 2014இல் வெளிவந்த ஒருங்குறியின் ஏழாம் பதிப்பிற் கிரந்தம் இடம்பெற்றது. அவ்வெழுத்துக்கள் அதிற் சேரவில்லை.

இதனோடு எழுத்துச் சீர்திருத்த வரலாற்றை ஒப்பிடுக. பெரியார் 1935இல் தம் ‘குடிஅரசு’ இதழிலேயே புதிய வடிவங்களைக் கையாண்டு காட்டினார். தமிழக அரசு அவற்றுட் பலவற்றை ஏற்று ஆணையிட்டது 1978இல். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் மக்கள் அவ்வெழுத்தைக் கண்டனர், படித்தனர், ஏற்றும் மறுத்தும் வாதிட்டனர். ஆணை வந்தபோது அது புதுச்செய்தியாய் இருக்கவில்லை.

முன்மொழிதல் வல்லுநர் கடன். விளக்குதல் அவ்வத்துறையை அறிந்து மக்களோடு பழகுவோர் கடன். பின்னது இல்லாவிடின், கருத்துக் கூறும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். தமிழ் எழுத்தைப் பற்றிய முன்மொழிவுகள் இனியும் வரும். அவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்துப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் சிறிது ஓய்வும் போதும். லயத்து வாசலில் தாளை விரித்துப் படித்தவர் செய்த தொண்டு அதுவே. அதனைத் தொடர ஆசிரியரினும் தக்கார் யாவர்?