மேசைக்கு மேலே இருக்கும் கைகள்

ஆங்கிலச் சொற்றொடர்களுள் நம் இளைஞர் விரும்பி எடுத்தாள்வதும், அடிக்கடி இடறி விழுவதுமான ஒன்று 'அபவ் போர்டு' என்பதாகும். ஒளிவு மறைவற்றது, நாணயமானது என்பது அதன் பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பலகைக்கு மேலே' என்று வரும். கடலோரத்தில் பிறந்தவர்க்குப் பலகை என்றவுடன் கப்பலின் மேல்தளமே நினைவில் எழும். கொள்ளைக்காரர் தம் ஆட்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்து வைப்பர், நல்ல மாலுமியோ எல்லாரையும் மேல்தளத்தில் நிறுத்துவான், அதிலிருந்து பிறந்ததே இத்தொடர் என்று கதை சொல்வாரும் உளர். கதை சுவையானது; உண்மை வேறு.

பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்பது மேசையைக் குறித்தது. உண்ணும் மேசையிலிருந்து 'போர்டிங்' வந்தது. கூடிப் பேசும் மேசையிலிருந்து நிர்வாகக் குழுவின் பெயர் வந்தது. சூதாடும் மேசையிலிருந்து வந்ததே நம் தொடர். 1755 இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதனைத் தெளிவாகவே விளக்குகிறது. சீட்டாடுவோர் கைகளை மேசைக்குக் கீழே கொண்டு சென்றால் சீட்டை மாற்றுகிறார்கள் என்று பொருள். கைகள் மேலே இருக்குமாயின் ஐயத்திற்கு இடமில்லை.

இவ்வரலாறு தெரிந்தால் தொடரைப் பிழையின்றிக் கையாள்வது எளிது. ஒரு கொடுக்கல் வாங்கல், ஒரு தேர்தல், ஒரு கணக்கு ஆகியவற்றைப் பற்றியே இதனைச் சொல்ல வேண்டும். 'தி டீல் வாஸ் அபவ் போர்டு' என்பது சரி. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே பேசுகிறவரை 'ஹி ஈஸ் அபவ் போர்டு' என்பது பொருந்தாது. அவருக்குரிய சொல் 'ஃப்ராங்க்'. வாய் திறந்திருப்பது வேறு, கை திறந்திருப்பது வேறு. இத்தொடர் கையைப் பற்றியது. 'ஓவர்போர்டு' என்று மாற்றிச் சொல்வோரும் உண்டு. அது படகிலிருந்து கடலில் விழுவதாகும். பாம்பன் கரையில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி நம் நாட்டுச் சந்தைக்கு வருவோம். இங்கே கை மேசைக்குக் கீழே போகவில்லை. துணிக்குக் கீழே போயிற்று. 1510 இல் அச்சான தம் பயண நூலில் இத்தாலியரான வர்த்தேமா, கள்ளிக்கோட்டைத் தரகர்கள் துணி மறைவில் விரல்களைத் தொட்டே விலை பேசியதை எழுதியுள்ளார். 17 ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் வைரச் சந்தையில் இதே முறையைக் கண்டார் பிரெஞ்சு வணிகர் தவேர்னியே. பக்கத்தில் இருப்பவர்க்கும் விலை தெரியாது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் பிடித்துப் பேசியதும் இம்முறையே. இதனை மோசடி என்று தள்ளிவிட இயலாது. பேசும் இருவருக்குள் ஒளிவு இல்லை. ஆயினும் சந்தை விலை அறியாத ஏழை விற்பனையாளன் பக்கத்தில் நின்றும் எதையும் கற்றுக்கொள்ள முடியாமற் போகிறது.

அதே கள்ளிக்கோட்டையில், வர்த்தேமாவுக்கு ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன், மற்றொரு முறையைக் கண்டவர் மா ஹுவான். சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் வந்த அவர் ஒரு முஸ்லிம். அரசரின் அதிகாரியும், செட்டியும், கணக்கரும், தரகரும் குறித்த நாளில் கூடிச் சீனப் பட்டின் விலையைப் பேசி முடிப்பர். அதனை எழுதிப் பிரதியை இரு தரப்பாரும் வைத்துக்கொள்வர். பிறகு எல்லாரும் கை கோத்து, விலை ஏறினும் இறங்கினும் மாறுவதில்லை என்று உறுதி செய்வர். ஒரே ஊரில் ஒரு கை துணிக்குள்ளும் ஒரு கை வெளிச்சத்திலும் இருந்திருக்கிறது.

வெளிச்சத்தில் நடக்கும் வணிகத்திற்கு நாம் இட்ட பெயர் ஏலம். போர்த்துக்கீசியரின் 'லெயிலாவ்' என்னும் சொல்லே தமிழில் ஏலமாயிற்று. அச்சொல்லோ அரபியரிடமிருந்து அவர்கள் பெற்றது. 'அல் இஃலாம்', அதாவது அறிவித்தல் என்பதே அதன் மூலம் என்று மொழியறிஞர் கூறுவர். அரபுச் சொல் ஐரோப்பா சென்று, கப்பலேறித் தமிழ்க் கரைக்கு வந்த கதை இது. கூவி அறிவிக்காதது ஏலம் ஆகாது என்பது அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் இதனை நன்கு காணலாம். 1905 இல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்களும், பரதவரும், அரபியரும் அங்கே மூழ்கினர். அவர்கள் கொண்டுவந்த சிப்பிகள் மூன்று பங்காக வைக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அரசுப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். சிப்பி மூடியிருக்கும், உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பதை இறைவனே அறிவான். ஆனால் கேட்ட விலை எல்லார் காதிலும் விழும். பொருள் மறைந்திருக்கலாம், பேரம் மறையக்கூடாது என்பது அந்த ஏற்பாடு.

இராமேசுவரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் அருகே உள்ளது அக்காள்மடம். 1914 இல் ரயில் பாலம் திறக்கப்படும் வரை யாத்திரிகர் படகிலேயே தீவுக்கு வந்தனர். இவ்விரு ஊர்ப் பெயர்களுக்கும் வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜய ரகுநாத சேதுபதியின் மருமகன் தண்டத்தேவர், கடலைக் கடந்து வரும் யாத்திரிகரிடம் மன்னர் அறியாமல் தீர்வை வாங்கினாராம். செய்தி எட்டியதும் மன்னர் மருமகன் என்றும் பாராது மரண தண்டனை விதித்தார். அவர் மணந்திருந்த மன்னரின் பெண்மக்கள் இருவரும் அவரோடு மாண்டனர். அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள் மடமும் தங்கை மடமும் என்பர். இதில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வாங்கிய தொகை எவ்வளவு என்று மக்கள் நினைவு கணக்கு வைக்கவில்லை. மறைத்து வாங்கியதையே நினைவில் வைத்தது. அதற்கு விலை கொடுத்தவர்களோ, பணத்தைத் தொடாத இரு பெண்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று உரைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தானியம் நனைந்தது குற்றமன்று. அது கீழே இருந்ததே குற்றம். ஆங்கிலேயர் சீட்டாட்ட மேசையில் கற்ற சொல்லின் கருத்து, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மதீனத்துச் சந்தையில் நிலைநாட்டப்பட்டு விட்டது.

இன்றும் இக்கரையோரம் மீன் ஏலம் கூவப்படுகிறது. ஆனால் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கும் கட்டும் பல இடங்களில் இருக்கிறது. குரல் மணலில் கேட்கிறது, கணக்கோ நோட்டுப் புத்தகத்துள் மூடிக் கிடக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே திருமறையில் மிக நீண்டது. எழுதியதை இரு தரப்பாரும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பயன். நம் வீட்டுப் பிள்ளை 'அபவ் போர்டு' என்று பிழையின்றி எழுதினால் மகிழ்வோம். அவன் நாளை கடை வைத்தால், கடன்பட்டவர் கேட்டவுடன் நோட்டை விரித்துக் காட்டுவானாகில், அத்தொடரை முழுவதும் கற்றவன் ஆவான்.