பாணில் குத்திய பெயர்

நேப்பிள்ஸ் நூதனசாலையில் ஒரு பாண் இருக்கிறது. கரியாகிப்போன பாண். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ஊரோடு சேர்ந்து புதைந்தது. வட்டமான பாண், பிட்டெடுக்கத் தோதாக எட்டுத் துண்டாகக் கோடு போட்டிருக்கிறார்கள். அதன் மேலே ஒரு முத்திரை. குயின்டஸ் கிரானியஸ் வேருஸ் என்பவரின் அடிமை கெலருடையது என்று அதில் இருக்கிறது. ஊரார் மாவைப் பிசைந்து ஒரே போறணைக்குக் கொடுத்துவிடும்போது எது யாருடைய பாண் என்று மாறிப்போகாமல் இருக்கத்தான் இந்த முத்திரை என்பது பொதுவான விளக்கம்.

ரோமர்களைப்பற்றி எங்களில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் பார்த்ததுதான். வாள், சிங்கம், சீசர், வெள்ளைத் துணி. அவர்கள் காலமை என்ன சாப்பிட்டார்கள், வாடகை எப்படிக் கட்டினார்கள் என்று ஒரு படத்திலும் காட்டுவதில்லை. இத்தனைக்கும் காலமை நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிடும்போது வாயில் இருப்பது ரோமச் சொல். 'பாண்' போர்த்துக்கீசர் கொண்டுவந்தது, அதற்கு மூலம் லத்தீனின் 'பானிஸ்'. 'போறணை'யும் அதே கப்பலில் வந்ததுதான், லத்தீனில் அது 'ஃபுர்னுஸ்'.

ரோம் நகரத்துச் சனத்தில் பெரும்பாலானோர் இருந்தது பளிங்கு மாளிகையில் அல்ல, தொடர்மாடியில். கீழே கடைகள், மேலே ஐந்தாறு தட்டு. இன்றைக்கு உச்சி மாடி என்றால் விலை கூட. அங்கே தலைகீழ். பணக்காரர் கீழ்த்தட்டில், ஏழைகள் கூரைக்குக் கீழே. தண்ணீர் மேலே ஏறாது, சுமந்துதான் ஏற வேண்டும். நெருப்புப் பிடித்தால் கடைசியாகத் தெரிய வருவதும் உச்சியில் இருப்பவனுக்குத்தான். கட்டடங்கள் அடிக்கடி இடிந்து விழுந்ததால் அகஸ்டஸ் 70 ரோம அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று தடை போட்டார், கி.பி. 6இல் தீயணைக்கவென்றே ஒரு படையும் அமைத்தார். அதற்கு முன்னர் கிராசுஸ் என்ற பெரும் பணக்காரர் எரிகிற வீட்டையும் அதன் பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்த்தார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பேச்சாளர் சிசரோவும் வாடகைக்கு விட்டவர்தான். தன் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, குடியிருந்தவர்கள் மட்டுமில்லை எலிகளும் வெளிக்கிட்டுவிட்டன என்று நண்பருக்குப் பகிடியாகக் கடிதம் போட்டார். வீட்டுக்காரருக்குப் பகிடி. அந்த எலிகளோடு சேர்ந்து வெளிக்கிட்டவர்கள் என்ன எழுதினார்கள் என்று யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை.

இப்படியான வீடுகளில் பலதில் குசினி இல்லை. ஆகவே கடைச்சாப்பாடு. பொம்பேயியில் மட்டும் 80 அளவில் சாப்பாட்டுக்கடைகள் இருந்திருக்கின்றன. கல்லால் கட்டிய மேசை, அதில் குழி, குழிக்குள் பானை. 2020இல் முழுதாகத் தோண்டி எடுத்த ஒரு கடையின் பானைகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்தன. கடைச் சுவரில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு நாயின் படம்கூட இருக்கிறது. குளிக்கப் பொதுக் குளிப்பகம், கட்டணம் ஆகச் சின்னக் காசு ஒன்று. பொதுக் கக்கூஸில் மறைப்பு கிடையாது, ஒரே நீளக் கல்லில் வரிசையாக ஓட்டை. வாகன நெரிசல் தாங்காமல் பகலில் வண்டில்கள் ஓடக்கூடாது என்று கி.மு. 45இல் சட்டம் வந்தது. சாமான் வண்டில் எல்லாம் இரவில் ஓடத் தொடங்க, ரோமில் நித்திரை கொள்வதற்கும் காசு வேண்டும் என்று ஜுவெனல் என்ற நையாண்டிக் கவிஞர் பிற்காலத்தில் புறுபுறுத்தார். இதுவரைக்கும் வாசித்தால் "அட, எங்களை மாதிரித்தானே" என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகுதான் அந்தப் பாணுக்குத் திரும்பி வந்தோம்.

அகஸ்டஸ் காலத்தில் ரோமில் சுமார் 200,000 ஆண் குடிமக்களுக்கு அரசு மாதாமாதம் இலவசமாகக் கோதுமை கொடுத்தது, தலைக்கு ஏறக்குறைய 33 கிலோ. நிவாரண முத்திரை தெரிந்த எங்களுக்கு இது புதிதில்லை. ஆனால் கொடுத்தது தானியம், பாண் இல்லை. அதை யாரோ அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். அந்த 'யாரோ' எங்கே இருந்தார்கள் என்பது 2023 டிசம்பரில் பொம்பேயியில் வெளிப்பட்ட ஒரு வெதுப்பகத்தில் தெரிகிறது. உயரத்தில் சின்னச் சின்ன யன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. வெளியே போக வாசல் இல்லை, எசமானின் வீட்டுக்குள்ளே திறக்கும் கதவு மட்டும்தான். கண் கட்டிய கழுதைகளும் அடிமைகளும் எந்திரக்கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தன. கழுதைகள் காலை எங்கே வைக்க வேண்டும் என்று தரையிலேயே குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். பொம்பேயிக்கு வெளியே ஒரு பெரிய வீட்டில் அடிமைகளின் அறை ஒன்றை 2021இல் கண்டுபிடித்தார்கள். 16 சதுர மீட்டர், மூன்று கட்டில். மிச்ச இடமெல்லாம் சாமான் சாடிகள். ஒரு கட்டிலின் நீளம் 1.4 மீட்டர்தான். அநேகமாக ஒரு பிள்ளை படுத்த கட்டில்.

அடிமை ஒருவர் விடுதலையாகலாம், குடிமகனாகவும் ஆகலாம் என்று ரோமைப் புகழ்பவர்கள் சொல்வார்கள். பொய் இல்லை. ரோமில் போர்ட்டா மஜோரே வாசலருகே யூரிசாசெஸ் என்ற பாண்காரரின் பெரிய கல்லறை நிற்கிறது, அவரும் முன்னாள் அடிமை என்றே பலர் கருதுகிறார்கள். மாவரைப்பதில் இருந்து பாணை நிறுப்பது வரை எல்லாம் அதில் செதுக்கியிருக்கிறது. எங்கட தீவுக்குக் காற்றில் அடிபட்டு வந்து சேர்ந்ததாகப் பிளினி எழுதும் ரோமனும் விடுதலையான அடிமைதான். செங்கடல் வரி குத்தகை எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள். ஆறு மாதம் தங்கி மொழியும் பழகினாராம். அவர் கொண்டுவந்த நாணயங்களில் முகங்கள் வேறுவேறு, நிறை மட்டும் ஒன்று என்று கண்டு அரசர் வியந்தாராம். இவ்வளவும் எழுதிய பிளினி எசமானின் பெயரைச் சொன்னார், வந்தவரின் பெயரைச் சொல்லவில்லை.

ஆனால் அந்த விடுதலைக் கதைகளுக்குப் பக்கத்தில் கி.பி. 61ஐயும் வைக்க வேண்டும். அந்த வருடம் ரோம் நகர ஆளுநர் பெடானியஸ் செகுண்டஸை அவரது அடிமை ஒருவன் கொன்றான். பழைய வழக்கப்படி அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லாரையும் கொல்ல வேண்டும். மொத்தம் 400 பேர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. செனற்றில் விவாதம் நடந்தது. இந்தக் கூட்டத்தைப் பயத்தால் மட்டுமே அடக்கலாம் என்று காசியஸ் வாதாடினார், அதுவே வென்றது. நாங்கள் வாசித்து நின்ற இடம் இதற்கு அடுத்தது. நகரத்துச் சாதாரண சனம் கல்லோடும் தீப்பந்தத்தோடும் திரண்டு அதைத் தடுக்கப் பார்த்தது. இலவசக் கோதுமை வாங்கிய, உச்சி மாடியில் படுத்த அதே சனம். நீரோ வழி நெடுக இராணுவத்தை நிறுத்தி 400 பேரையும் கொல்லக் கொண்டுபோனார். அந்தக் காலத்தில் அடிமைமுறை எல்லாருக்கும் சாதாரணம், யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் ஒரு மனிதர் இன்னொருவரின் சொத்து இல்லை. ஆனாலும் 2021இல் உலகில் 2 கோடி 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் பாஸ்போட்டை எசமான் வாங்கி வைத்துக்கொண்ட கதை எங்கள் ஊர்களில் கேட்காத கதையா?

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை மறித்து, இதைச் சுடுவது யார் என்று கேட்டோம். அண்ணன் ஒருமாதிரிப் பார்த்தார். "ரெண்டு பொடியள். ராவு ஒரு மணிக்கு எழும்புவாங்கள்" என்றார். பேரைக் கேட்டோம். ஒருவனின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.