பூவா தலையா: ஒடெஸ்ஸாவின் வெள்ளிக்கிழமைகள்

1

1988 நவம்பரில் ஒரு நள்ளிரவு. மேற்கு டெக்சாஸில் லாரிகள் நிற்கும் ஓரிடத்தில் மூன்று பேர் கூடுகிறார்கள். மூவரும் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் பயிற்சியாளர்கள். ஒடெஸ்ஸாவின் பெர்மியன், பக்கத்து ஊரான மிட்லண்டின் லீ, மிட்லண்ட் ஹை ஆகிய மூன்று பள்ளிகளும் தங்கள் பிரிவில் சமமாக முடித்திருந்தன. 'பிளேஆஃப்' என்கிற வெளியேற்றுச் சுற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் இடம். ஆளுக்கொரு காசைச் சுண்டினார்கள். தனித்து விழுகிற காசுக்காரர் வெளியே. மிட்லண்ட் ஹை வெளியே போனது. பூவா தலையா, அவ்வளவுதான்.

ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதுகிற அமெரிக்க ஆட்டம். பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துல இவ்வளவு யோசிக்க என்ன இருக்குன்னு நண்பர்கள் கேட்டார்கள். ஹெச். ஜி. பிஸ்ஸிங்கர் 1990இல் வெளியிட்ட 'ஃபிரைடே நைட் லைட்ஸ்' நூலைப் படித்தபோது முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. என்னை நிறுத்தியது ஒரு சொல்: தகுதி. அந்தச் சொல்லை நாம் சந்தேகத்தோடு கேட்கப் பழகியவர்கள். ஏன் என்று இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2

பெர்மியன் பள்ளி 1959இல் திறக்கப்பட்டது. பெயர் எண்ணெய் கிடைக்கிற நிலப்படுகையின் பெயர். ஆறே ஆண்டுகளில், 1965இல், மாநிலப் பட்டம். பிறகு 1972, 1980, 1984 (கூட்டாக), 1989, 1991. வரலாறு என்று ஊர் சொல்லிக்கொள்வது இந்த எண்களைத்தான். எண்களுக்கு வெளியே இருப்பதைப் பார்ப்போம்.

டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்துவது யுஐஎல் என்கிற அமைப்பு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1960களின் நடுப்பகுதி வரை அதில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். கறுப்பர் பள்ளிகள் 1920இல் தங்களுக்கென ஒரு லீகை அமைத்துக்கொண்டன. பிரெய்ரி வியூ கல்லூரியைச் சார்ந்து இயங்கியதால் பின்னாளில் பிவிஐஎல் என்று அறியப்பட்டது. வெள்ளிக்கிழமை இரவு மைதானம் வெள்ளையர்களுக்கு. கறுப்பர்கள் புதனோ வியாழனோ ஆட வேண்டும். மைதானம் ஒன்று, புல் ஒன்று, விளக்கும் ஒன்று. கிழமை மட்டும் வேறு. தீண்டாமைக்குச் சுவர் தேவையில்லை, ஒரு காலண்டர் போதும்.

அந்த வியாழக்கிழமைகளில் ஆடியவர்தான் டெம்பிள் நகரத்து டன்பார் பள்ளியின் ஜோ கிரீன். பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் தூண். 1970இல் பிவிஐஎல் முடிவுக்கு வந்தது. ஒருங்கிணைப்பு என்று அதற்குப் பெயர். நடந்தது என்ன? பல கறுப்பர் பள்ளிகள் மூடப்பட்டன. தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்கள் வெள்ளையர் பள்ளிகளில் உதவியாளர்கள் ஆனார்கள், அல்லது வேலை இழந்தார்கள். கோப்பைகளும் படங்களும் எங்கெங்கோ போயின. கதவு திறந்தது உண்மை. உள்ளே போகும்போது எதை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்பதும் உண்மை.

3

ஒடெஸ்ஸாவில் அது இன்னும் தாமதம். பிரிவினைக் கல்வி சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். கறுப்பர்களும் மெக்சிக வம்சாவளியினரும் படித்த எக்டர் பள்ளி, நீதிமன்ற உத்தரவை ஒட்டி மூடப்பட்டது 1982இல். இருபத்தெட்டு வருஷம்! மாணவர்களை ஒடெஸ்ஸா ஹைக்கும் பெர்மியனுக்கும் பிரித்தார்கள். எல்லைக் கோடு யாருக்குச் சாதகமாக விழுந்தது என்பதில் அன்றே முணுமுணுப்பு இருந்ததை பிஸ்ஸிங்கர் பதிவு செய்கிறார். தண்டவாளத்துக்குத் தெற்கே இருந்த கறுப்புப் பையன்கள் பலர் பெர்மியன் பக்கம் வந்தார்கள். கூடப் படிக்க வந்தார்களா, ஓட வந்தார்களா?

அதே 1982இல்தான் ராட்லிஃப் மைதானமும் திறக்கப்பட்டது. செலவு 56 லட்சம் டாலர். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது திட்டமிட்டது. 1986இல் விலை சரிந்தது, ஊர் நொடித்தது, மைதானம் மட்டும் நிரம்பியபடியே இருந்தது. பிஸ்ஸிங்கர் தரும் கணக்கு: ஆங்கிலத் துறைக்கான பாடப் பொருட்களுக்கு 5,040 டாலர், விளையாட்டுக்கான மருத்துவப் பொருட்களுக்கு 6,750. அணி விமானத்தில் பறக்க 70,000.

1988இல் ஜேம்ஸ் 'பூபி' மைல்ஸ் என்ற கறுப்பு இளைஞர் மீதுதான் ஊரின் நம்பிக்கை. சீசன் தொடங்கும் முன்பே, ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போனது. காயத்துக்கு முன் அவரைப் பற்றிப் பேசிய வாய்களும் காயத்துக்குப் பின் பேசிய வாய்களும் ஒன்றேதான். கால் இருக்கிற வரைக்கும் நம்ம பையன். கால் போனா அவங்க ஆளு.

4

இனி 'தகுதி'க்கு வருவோம். 1984இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுபது மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கினால் ஆறு வாரம் ஆட முடியாது என்றது அன்றைய விதி. நல்ல சட்டம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மதிப்பெண்ணைப் போடுவது யார், திருத்துவது யார்?

காசு சுண்டி உள்ளே வந்த பெர்மியன் அரையிறுதி வரை போய், டல்லஸின் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 என்று தோற்றது. கார்ட்டர் கறுப்பர்கள் பெரும்பான்மையாகப் படித்த பள்ளி. அதன் ஆட்டக்காரர் ஒருவருடைய அல்ஜீப்ரா மதிப்பெண் திருத்தப்பட்டதாகப் புகார். ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோதே வழக்கும் நடந்தது. கார்ட்டர் பட்டம் வென்றது. பிறகு அது பறிக்கப்பட்டு, இறுதியாட்டத்தில் தோற்ற ஜட்ஸன் பள்ளிக்குப் போனது. கார்ட்டரை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பெர்மியன் ஆட்டக்காரர்களுக்கு வகுப்பறையில் கிடைத்த சலுகைகளை அதே நூல் விரிவாகச் சொல்கிறது. அவை வழக்காகவில்லை. ஒரு பள்ளியின் தளர்வு மோசடி, இன்னொன்றின் தளர்வு வழக்கம்.

பெர்மியனும் ஒருமுறை அகப்பட்டது: விதியை மீறி முன்கூட்டியே பயிற்சி நடத்தியதற்காக 1990இல் பிளேஆஃபிலிருந்து விலக்கப்பட்டது. அதை ஊர் தண்டனையாகப் பார்க்கவில்லை, சதியாகப் பார்த்தது.

2004இல் வந்த திரைப்படம் அந்த அரையிறுதியை இறுதியாட்டமாக மாற்றிக்கொண்டது. மதிப்பெண் வழக்கு இல்லாத, அழகான தோல்வி. ஜனரஞ்சகம் எதை மறக்கச் சொல்கிறதோ அதுதான் வரலாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

5

அந்த லாரி நிறுத்தத்துக்கே திரும்புகிறேன். முதல் வாசிப்பில் எனக்கு அந்தக் காசு அபத்தமாகப் பட்டது. இப்போது யோசித்தால், இந்த முழுக் கதையிலும் நிறம் பார்க்காமல் விழுந்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த மேசைக்கு மூன்று பள்ளிகள் வந்து சேர்ந்ததே காசு சுண்டி அல்ல. அதில் ஒன்று, அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி லீயின் பெயரை 1961இல் சூட்டிக்கொண்ட பள்ளி. 2020இல் அதை மாற்றப் பள்ளிக் குழு வாக்களித்தும் சண்டை ஓயவில்லை. எக்டர் பள்ளி அந்த மேசையில் இல்லை. இருந்திருக்க முடியாது, அதை மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காசு சுண்டுமுன் யார் யாரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேட்காதவரை எந்தத் தகுதிச் சுற்றும் நியாயமாகத்தான் தெரியும்.