சுண்ணாம்புக் குகைகளின் முதல் மக்கள்

மலேசியாவின் பத்துமலையில் 1890-களில் கே. தம்புசாமிப் பிள்ளை முருகன் கோயில் அமைப்பதற்கு வெகுகாலம் முன்பே தெமுவான் பூர்வகுடியினர் அக்குகைகளில் தங்கிச் சென்றனர். 1860-களில் சீனக் குடியேறிகள் வௌவால் எச்சத்தை உரத்துக்காக அங்கிருந்து வெட்டி எடுத்தனர். மலாய்த் தீபகற்பத்தின் ஆதி மனிதர்களைப் பற்றிய சான்றுகள் பல இத்தகைய சுண்ணாம்புக் குகைகளின் தரைக்கடியில் கிடைத்துள்ளன.

அவற்றுள் முக்கியமான ஒன்று கிளந்தானில் நெங்கிரி ஆற்றங்கரையிலுள்ள குவா சா. இங்கே ஹோவாபின்ஹியம் எனப்படும் வேட்டைக்கால மரபைச் சேர்ந்த கற்கருவிகளோடு வேட்டைச் சமூகத்தாரின் புதைகுழிகளும், அவற்றுக்கு மேலடுக்கில் மட்பாண்டங்களோடு புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளும் கிடைத்தன. வேட்டையாடியவர்களே பயிர்த்தொழிலுக்கு மாறினார்களா, வேறு மக்கள் வந்து சேர்ந்தார்களா என்பது தொல்லியலாளரிடையே நெடுநாள் விவாதம். எலும்பின் வடிவத்தை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியவில்லை.

மரபணுவும் எளிதில் கைக்கு வரவில்லை. வெப்பமும் ஈரமும் அதை விரைவில் சிதைத்துவிடும்; உட்செவியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில் ஓரளவு தங்கும். 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும் 26 பேரின் மரபணுத் தொகுதியே தேறியது. குவா சாவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரும் லாவோஸின் ஃபா ஃபேன் குகையில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரும் அவர்களுள் அடக்கம். இவ்விருவருக்கும் இன்றைய மக்களில் நெருங்கியவர்கள் அந்தமானின் ஓங்கேயரும் தீபகற்பத்தின் ஜெஹாய் மக்களும். தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரின் மிகப் பழைய மூதாதையர் கிளைக்கும் ஓங்கேயருக்கும்கூடத் தொலைவான உறவு உண்டு. ஆனால் அவ்விரு கிளைகளும் பிரிந்து பல பதினாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நெல் பயிரிடுவோர் தென்கிழக்காசியாவுக்குள் பரவினர். ஆக, தொல்லியலாளரின் விவாதத்தில் இரு தரப்பும் முழுதாக வெல்லவில்லை: புதியவர்கள் வந்தது உண்மை, பழையவர்கள் அழியாமல் அவர்களோடு கலந்ததும் உண்மை. ஜெஹாய் மக்கள் வேட்டைச் சமூகத்தின் வழியினராயினும், பேசுவது வந்தவர்களின் ஆஸ்திரோ-ஆசிய மொழி. தெமுவான் மொழியோ பின்னர் கடல்வழி வந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தது. குருதிவழியும் மொழிவழியும் ஒன்றென எண்ணுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய சான்று இது.

நெங்கிரிப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீர்மின் அணைக்காக மூழ்கவிருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக அகழ்வாளர்கள் அங்குள்ள குகைகளிலிருந்து 16 தொல்மனித எலும்புக்கூடுகளை மீட்டுள்ளதாக 2024-இல் செய்தி வெளியானது. அவற்றில் மரபணுவைத் தேடுமுன், அப்பள்ளத்தாக்கில் வாழும் தெமியார் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்; அவை அவர்களுடைய முன்னோரின் எலும்புகளாக இருக்கக்கூடும்.