விற்றவர் பேரேடு: சாதனை டிரான்ஸ்ஃபர் தொகைகளும் பார்சிலோனாவின் ஐந்து விற்பனைகளும்

உலகில் அதுவரை யாரும் தராத விலைக்கு ஒரு கால்பந்து வீரர் வாங்கப்படும்போதெல்லாம், கொடுத்த காசுக்கு அவர் ஆடுவாரா என்ற கேள்வி எழுகிறது. பிறகு அவருடைய கோல்களையும் கோப்பைகளையும் எண்ணித் தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த விசாரணையில் ஒரு தரப்பு மட்டும் அழைக்கப்படுவதே இல்லை. அது விற்ற கழகம். அங்கே அந்தப் பணம் என்ன ஆயிற்று?

இதை ஆராய வசதியான கழகம் ஒன்று உண்டு. எஃப்.சி. பார்சிலோனா 1961, 1984, 1997, 2000, 2017 ஆகிய ஆண்டுகளில், ஐந்து முறை, தன் வீரரை உலகச் சாதனைத் தொகைக்கு இழந்திருக்கிறது. ஒரே நகரம், ஒரே திடல், ஒரே லீக். மாறியவை காலமும் நிர்வாகமும் பணம் போன வழியும்தான். அரை நூற்றாண்டு இடைவெளியில் பவுண்டையும் பெசேட்டாவையும் யூரோவையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதைவிட இந்த ஒப்பீடு நம்பத்தக்கது.

முதலில், இப்படியொரு தொகை ஏன் தோன்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1901 முதல் இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது விதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தன் பதிவிலேயே வைத்துக்கொள்ளக் கழகத்துக்கு உரிமை இருந்தது. சம்பளத்தை உயர்த்திக்காட்டி வீரரை இழுக்க முடியாத நிலையில், அவர் இருக்கும் கழகத்துக்குத்தான் பணம் கொடுத்தாக வேண்டும். 1905-இல் சண்டர்லேண்டிலிருந்து அல்ஃப் காமனை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்கு வாங்கியபோது பத்திரிகைகள் கொதித்தன. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்த மிடில்ஸ்பரோ, காமன் தன் முதல் ஆட்டத்திலேயே அடித்த பெனால்டி கோலால் வெளியூரில் வென்றது. பருவ முடிவில் முதல் டிவிஷனில் தங்கிவிட்டது. சண்டர்லேண்டுக்கும் நஷ்டமில்லை. சில மாதங்களுக்கு முன்னர்தான் ஏறக்குறைய பாதி விலைக்கு அவரை வாங்கியிருந்தது. 1908-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 350 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்துப் பார்த்து, சில மாதங்களிலேயே கைவிட்டது.

பார்சிலோனாவின் முதல் சாதனை விற்பனைக்குப் பின்னணி சிமென்ட். 1957 செப்டம்பரில் திறக்கப்பட்ட காம்ப் நோ திடல், மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு செலவை விழுங்கியிருந்தது. பழைய லெஸ் கோர்ட்ஸ் திடலின் நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது திட்டம். அந்த நிலத்தில் வீடு கட்டும் அனுமதியோ ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. கையில் விற்கக்கூடியதாக மிஞ்சியிருந்தவர் லூயிஸ் சுவாரஸ். (பிற்கால உருகுவே வீரர் அல்ல, 1960-இல் பாலன் தோர் வென்ற கலீசியர்.) அவருடைய பழைய பயிற்சியாளர் எலேனியோ எர்ரேரா அப்போது மிலான் நகரின் இன்டர் கழகத்தில் இருந்தார், அவர் கேட்டார், கழகம் கொடுத்தது. 1961-இல் 2.5 கோடி பெசேட்டா, அதாவது சுமார் 1,52,000 பவுண்டு.

இன்டருக்கு இது வாழ்நாள் வாங்கல். 1963, 1965, 1966-இல் இத்தாலிய லீக், 1964, 1965-இல் ஐரோப்பியக் கோப்பை. அந்த அணியின் நடுக்களத்தை நடத்தியவர் சுவாரஸ்தான். பார்சிலோனா 1959, 1960 என அடுத்தடுத்து லீக்கை வென்றிருந்தது. அடுத்த பட்டம் 1974-இல்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள். அப்பட்டம் வந்த விதமும் கவனிக்கத்தக்கது: 1973-இல் அயாக்ஸிலிருந்து யோஹன் குரைஃபை உலகச் சாதனைத் தொகை கொடுத்து அதே பார்சிலோனா வாங்கியது.

இது கட்டலான் மண்ணுக்கே உரிய விதி என்று நினைக்கவேண்டாம். சுவாரஸ் விற்பனைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு புவெனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட்டும் இதையே செய்தது. ஒமர் சிவோரியை 1957-இல் யுவென்டஸுக்குச் சாதனை விலைக்கு விற்று, குதிரைலாட வடிவில் ஒரு பக்கம் திறந்துகிடந்த தன் மொனுமென்டல் திடலுக்கு நான்காவது கேலரியை எழுப்பியது. கேலரிக்கு இன்று சிவோரி பெயர். 1957-க்குப் பிறகு ரிவர் அடுத்த பட்டம் வென்றது 1975-இல். இதற்குச் சிவோரியின் விற்பனை ஒன்றே காரணம் என்று வாதிட முடியாது. 18 ஆண்டுகளில் எத்தனையோ அணிகள் வந்து போயின. ஆனாலும் இரு கழகங்களிலும் ஒரே போக்கு தெரிகிறது. வீரரை விற்ற பணம் கல்லாக மாறியது. கல் பார்வையாளர்களைத் தாங்கியது, பந்தை உதைக்கவில்லை.

1984 விற்பனையை இதன் எதிர்முனையில் வைக்கலாம். மரடோனா பார்சிலோனாவில் இருந்த இரண்டு ஆண்டுகளும் மஞ்சள் காமாலை, உடைந்த கணுக்கால், அரசர் கோப்பை இறுதியாட்டக் கைகலப்பு என்றே கழிந்தன. நாப்போலி சுமார் 69 லட்சம் பவுண்டு தந்தது. பார்சிலோனா அவரை வாங்கியது 50 லட்சத்துக்கு. புதிய பயிற்சியாளர் டெர்ரி வெனபிள்ஸ், அவர் இடத்துக்கு இன்னொரு மரடோனாவைத் தேடவில்லை. டாட்டன்ஹமிலிருந்து ஸ்டீவ் ஆர்ச்சிபால்டை அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குக்குக் கொண்டுவந்தார். 1985-இல் பார்சிலோனா லீக்கை வென்றது. அதுவரை லீக் பட்டமே கண்டிராத நாப்போலி 1987-லும் 1990-லும் வென்றது. வாங்கியவர், விற்றவர் இருவரும் பிழைத்த அரிய விற்பனை இது. கேட்டால் பலரும் நாப்போலி பாதியை மட்டுமே சொல்வார்கள்.

1997-இல் பிரேசிலின் ரொனால்டோ ஒரே பருவத்தில் 47 கோல் அடித்துவிட்டு இன்டருக்குப் போனார். அந்தப் பணத்துக்கு டெபோர்ட்டிவோவிலிருந்து ரிவால்டோ வந்தார். 1998, 1999 இரண்டு லீக் பட்டங்கள். ஸ்பானிய லீக்கில் ஒரு முழுப் பருவம் ஆடிப் பழகியவரை வாங்கியதே இதில் உள்ள சூட்சுமம் என்பது என் கருத்து.

அடுத்த முறை கழகம் அதை மறந்துவிட்டது. 2000 ஜூலையில், பார்சிலோனாவின் ஃபிகோவைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கேட்ட ஃப்ளோரென்டினோ பெரெஸ் ரியல் மாட்ரிட் தலைவரானார். 1,000 கோடி பெசேட்டா விடுவிப்புத் தொகை கட்டப்பட்டது. அதே மாதம் பார்சிலோனாவின் தலைவராகத் தேர்வான ஜோன் கஸ்பார்ட்டிடம் பணம் இருந்தது, அவகாசம் இல்லை, கோபத்தில் ஒரு நகரம் இருந்தது. பணம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்சனல், தன் வீரர்கள் ஓவர்மார்ஸையும் பெட்டியையும் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டது. பெட்டி ஓராண்டில் கிளம்பினார், ஓவர்மார்ஸின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அடுத்த லீக் பட்டம் 2005-இல். ஆர்சனலோ 2002-இல் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றது. பெரெஸ் தன் பங்குக்கு, மாட்ரிட்டின் பழைய பயிற்சி நிலத்தை 2001-இல் விற்றுக் கடனை அடைத்தார். 1961-இல் பார்சிலோனா நிலத்தை விற்க முடியாமல் வீரரை விற்றது. நாற்பது ஆண்டு கழித்து மாட்ரிட் நிலத்தை விற்று வீரர்களை வாங்கும் நிலைக்கு வந்தது.

2017 ஆகஸ்டில் நெய்மாருக்காக பாரிஸ் சான் ஜெர்மான் கட்டிய 22.2 கோடி யூரோ, 2000-இன் கதையைப் பெரிய எழுத்தில் திரும்ப எழுதியது. மூன்றே வாரத்தில் டோர்ட்முண்டுக்கு 10.5 கோடியும் மேற்கொண்டு நிபந்தனைத் தொகைகளும் தருவதாக ஒப்புக்கொண்டு உஸ்மான் டெம்பேலேயை பார்சிலோனா வாங்கியது. ஓராண்டுக்கு முன் டோர்ட்முண்ட் அவரை வாங்கியது சுமார் 1.5 கோடிக்கு. 2018 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து கூட்டின்யோ, அடிப்படைத் தொகை மட்டும் 12 கோடி. வந்த பணம் இருவரிலேயே தீர்ந்து, மேலும் கடனும் ஆயிற்று. மெஸ்ஸி இருந்ததால் 2018, 2019 லீக் பட்டங்கள் தப்பின. ஐரோப்பாவில் தப்பவில்லை. 2019 மே மாதம் ஆன்ஃபீல்டில் 4-0 என்று தோற்ற பார்சிலோனா அணியில் கூட்டின்யோ இருந்தார். எதிரணியில் உலகிலேயே விலையுயர்ந்த தடுப்பாட்டக்காரராக வந்த வான் டைக்கும், கூட்டின்யோ பணம் வந்த ஆண்டிலேயே வாங்கப்பட்ட கோல்கீப்பர் அலிசனும் இருந்தார்கள். 2020-இல் பயர்ன் 8-2 என்று நொறுக்கிய ஆட்டத்தில், பயர்னுக்குக் கடனாகப் போயிருந்த கூட்டின்யோவே இரண்டு கோல் அடித்தார். 2021-இல் கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்த்தா அறிவித்தார். அந்த ஆண்டே மெஸ்ஸியும் பாரிஸுக்குப் போனார்.

பாரிஸ் பக்கம்? நெய்மார் இருந்தபோது ஒரு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், அதிலும் தோல்வி. அவரும் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் போன பிறகு, 2025-இல், சாம்பியன்ஸ் லீக் கிடைத்தது. அந்த அணியின் முதன்மை வீரர், பார்சிலோனாவிடமிருந்து ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்கப்பட்ட டெம்பேலே.

ஐந்து விற்பனைகளையும் சேர்த்துப் பார்த்தால், போனவர் எவ்வளவு பெரிய வீரர் என்பது விற்றவரின் பின்கதையைத் தீர்மானிக்கவில்லை. மரடோனாவும் ரொனால்டோவும் போனபோது கழகம் தழைத்தது; ஃபிகோ போனபோது சரிந்தது. பணம் ஏற்கெனவே கடன்காரருக்கு உரியதாக இருந்தபோதும் (1961), சந்தையே அறிந்த பணத்தை அவசரமாகச் செலவிட நேர்ந்தபோதும் (2000, 2017) நஷ்டம் வந்தது.

கணக்கியல் இந்த அவசரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. வாங்கும் கழகம் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 10 கோடி என்பது ஆண்டுக்கு 2 கோடிச் செலவு. விற்கும் கழகமோ லாபம் முழுவதையும் அதே ஆண்டில் காட்டிக்கொள்ளலாம். செல்சி எட்டாண்டு ஒப்பந்தங்கள்வரை போனபின், 2023-இல் யூஃபா இப்படிப் பிரிப்பதை ஐந்தாண்டுக்குள் நிறுத்தியது.

இன்னொரு மாற்றம் அடியில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தது. 1995-இல் பொஸ்மான் தீர்ப்பு ஒப்பந்தம் முடிந்த வீரரை இலவசமாக்கியது. பொருளியலாளர் ஸ்டெஃபான் சைமான்ஸ்கி, 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கழகங்களின் கணக்கை அலசி, புள்ளிப் பட்டியலின் வேறுபாடுகளில் 92 விழுக்காட்டைச் சம்பளச் செலவும் வெறும் 16 விழுக்காட்டை டிரான்ஸ்ஃபர் செலவும் விளக்குவதாகக் கண்டார். நெய்மாரின் 22.2 கோடியை இன்னும் யாரும் தாண்டவில்லை. 2021-இல் மெஸ்ஸி, 2024-இல் எம்பாப்பே இருவரும் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமலேயே கழகம் மாறினார்கள். விற்றவருக்குப் போயிருக்க வேண்டிய பணத்தின் ஒரு பங்கு கையொப்ப ஊக்கத்தொகையாகவும் சம்பளமாகவும் வீரர் பக்கம் திரும்பியது. 4 பவுண்டுச் சம்பளக் காலத்தில் பிறந்த அளவுகோலை வைத்து இந்தச் சந்தையை அளப்பவர்கள், இனி ஊதியப் பட்டியலையும் கேட்டு வாங்கவேண்டியிருக்கும்.