தலைவலி: மாத்திரைக்கு முன் வகையை அறிவோம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவுடன் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பது. எப்போதாவது ஒருமுறை என்றால் அதில் தவறில்லை. ஆனால் வாரத்தில் நான்கு நாள் மாத்திரை போட்டால்தான் சமையலறையில் நிற்க முடியும் என்று சொல்லும் பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மாத்திரையே வலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம். ஆகவே வந்திருப்பது எந்த வகைத் தலைவலி என்று அறிந்துகொள்வது அவசியம்.

வலிப்பது எது?

மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறை, இரத்தக் குழாய்கள், தலை மற்றும் கழுத்துத் தசைகள் ஆகியவற்றிலிருந்தே வலி எழுகிறது. தலைவலியே நோயாக இருப்பது ஒரு பிரிவு. காய்ச்சல், தலையில் அடிபடுதல், மூளைக்காய்ச்சல் போன்ற வேறொன்றின் அறிகுறியாக வருவது மற்றொரு பிரிவு. பெரும்பாலானவை முதல் பிரிவைச் சேர்ந்தவை.

முக்கிய வகைகள்

1. இறுக்கத் தலைவலி: மிகப் பரவலானது. தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியது போல இருபுறமும் அழுத்தும். அரை மணி நேரம் முதல் 7 நாட்கள் வரை நீடிக்கலாம். மன அழுத்தம், தூக்கக் குறைவு, குனிந்தபடியே செல்போன் பார்ப்பது போன்றவை இதைத் தூண்டும்.

2. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி: பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடிதுடித்து வலிக்கும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, நடந்தால் வலி கூடும். 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும். அரபு மருத்துவ நூல்கள் இதை 'ஷகீகா' என்றன; பாதி, ஒரு பக்கம் என்ற பொருளிலேயே அந்தப் பெயரும் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இது பரம்பரையாகவும் வரக்கூடியது. 'சைனஸ்' என்று பல ஆண்டுகள் வைத்தியம் பார்க்கப்படும் தலைவலிகளில் பல உண்மையில் மைக்ரேன்தான்.

3. கொத்துத் தலைவலி: அரிதானது, கடுமையானது. ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை இருக்கும். ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

நோன்பும் தேநீரும்

ரமலானின் முதல் சில நாட்களில் பலருக்குத் தலைவலி வருகிறது. பசி, நீர்ச்சத்துக் குறைவு, தூக்கம் கலைவது ஆகியவற்றோடு, பழகிய தேநீரும் காபியும் நின்றுபோவது ஒரு பெரிய காரணம். காஃபீனை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கலாம். ஷஃபான் மாதத்திலேயே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஸஹரைத் தவறவிடாமல், இஃப்தார் முதல் ஸஹர் வரை போதிய தண்ணீர் குடித்து வந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். கடுமையான மைக்ரேன் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். நோயாளி நோன்பை விட்டு வேறு நாளில் நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; அதைப் பயன்படுத்த யாரும் கூச வேண்டியதில்லை.

மாத்திரையே வலியானால்

பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் மைக்ரேனுக்கான டிரிப்டான்களையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால், மருந்தின் மிகைப் பயன்பாட்டால் வரும் தலைவலி உண்டாகலாம். மாத்திரையின் வேகம் குறைந்ததும் வலி திரும்பும். மீண்டும் மாத்திரை கேட்கும். இதற்குத் தீர்வு, மருத்துவரின் மேற்பார்வையில் அந்த மாத்திரையை நிறுத்துவதே. முதல் சில நாட்கள் வலி கூடும், பின்னர் தணியும்.

சிகிச்சை

எப்போதாவது வரும் வலிக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது. மைக்ரேனுக்கு வலி தொடங்கியதுமே மருந்து எடுத்து, இருட்டான அறையில் படுப்பது நல்லது. இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் ஆகாது. மாதத்தில் பல முறை வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகள் உள்ளன. உதாரணமாக புரோப்ரனலால், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடாது. ஆகவே அடுத்த வீட்டார் மருந்து நமக்கு மருந்தல்ல.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

- இடி விழுந்தது போல் நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி
- காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு
- கை கால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல்
- தலையில் அடிபட்ட பின் வரும் வலி, வாந்தி
- 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி. குறிப்பாக நெற்றிப்பொட்டு வலியுடன் பார்வை மங்குதல்
- கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிரசவித்தவர்களுக்கும் கடும் தலைவலி, பார்வைக் கோளாறு

மற்றவர்கள் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். வலி வந்த தேதி, நேரம், எந்தப் பக்கம், முன்பு சாப்பிட்டது, தூங்கிய நேரம், மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு மாதம் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் சென்றால், பல ஸ்கேன்கள் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். வீட்டில் உம்மாவோ மனைவியோ "எனக்கு இது வழக்கம்தான்" என்று சொல்லும்போது, மாதத்தில் எத்தனை மாத்திரை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.