அஹாலிம்: அகிலா, சந்தனமா, கூடாரமா?

எபிரேய மறைநூலில் ‘அஹாலிம்’, ‘அஹாலோத்’ எனும் வடிவங்களில் ஒரு நறுமண மரத்தின் பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. நீதிமொழிகளில் அது படுக்கைக்கு மணமூட்டுகிறது. 45ஆம் சங்கீதத்தில் மன்னனின் ஆடையில் கமழ்கிறது. உன்னதப்பாட்டில் வாசனைப் பொருள்களின் வரிசையில் நிற்கிறது. எண்ணாகமத்தில் மட்டும் சிக்கல். உயிர்க்குறிகளின்றி எழுதினால் இச்சொல்லும், ‘கூடாரங்கள்’ எனப் பொருள்படும் ‘ஓஹாலிம்’ என்பதும் ஒன்றே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடத்தில் கூடாரங்கள் என்றே படித்தனர். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்போ ‘சந்தனமரங்கள்’ என்கிறது.

அது அகிலையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் கொள்கை. 1856இல் முதற்பதிப்புக் கண்ட ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் கால்டுவெல், எபிரேயச் சொல்லைத் தமிழ் ‘அகில்’ என்பதோடு இணைத்தார். வடமொழி ‘அகரு’வில் உள்ளது ரகரம், எபிரேயத்திலும் கிரேக்க ‘அகல்லோகோன்’ என்பதிலும் உள்ளது லகரம். தமிழ் மூலத்தை வலியுறுத்துவோர் இதையே முதற்சான்றாகக் காட்டுவர். ஆனால் பாலியிலும் ‘அகலு’ என லகர வடிவம் உண்டு. ஆகவே லகரம் மட்டும் தமிழைச் சுட்டிவிடாது.

மரத்தின் வரலாற்றையும் நோக்கவேண்டும். அகில் அசாமிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாய் வளர்வது. பூஞ்சை தாக்கிய மரத்தில் ஊறும் பிசினே அதன் மணத்துக்குக் காரணம். சரக்கோடு பெயரும் கைமாறிச் சென்றிருக்கும். அப்பயணத்தில் தமிழ் ஒரு துறைமுகமாக இருந்திருக்கலாம். பிறப்பிடமே தமிழ் என முழங்குவதற்கு ஓர் ஒலி ஒப்புமை போதாது. மொழிப்பற்று வேறு, சொற்பிறப்பியல் வேறு என்பதை ஆய்வு மாணவர்களாகிய நாம் மறத்தலாகாது.